செர்பிய மாணவர் போராட்டம்: தலைவர் இல்லாமல் எவ்வளவு தூரம் போக முடியும்?

கேள்வி இதுதான்: "செர்பியாவில் மாணவர்கள் ஓராண்டுக்கு மேல் போராடினார்கள். பிரதமர்கூடப் பதவி விலகினார். ஆனால் அதிபர் வூச்சிச் அசையவில்லை. தலைவர் என்று ஒருவர் இல்லாததால்தான் தோற்றார்களா? 2000-ல் அப்போதைய ஆட்சியாளர் மிலோஷெவிச்சை இறக்கிய அதே நாட்டு மாணவர்களால் இந்த முறை ஏன் முடியவில்லை?"

தோற்றார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். தலைவர் இல்லாததால் தோற்றார்கள் என்று நிச்சயமாகச் சொல்ல மாட்டேன். முதல் ஆறு மாதம் அந்தப் போராட்டம் உடையாமல் நின்றதே யாரையும் முன்னால் நிறுத்தாததால்தான். தேர்தல் கேட்க ஆரம்பித்த பிறகு அதே வழக்கம் அவர்கள் காலை இடறுகிறது, அதையும் ஒத்துக்கொள்கிறேன். ஏன் என்று புரிய வேண்டுமானால் அங்கே நடப்பது எந்த மாதிரி ஆட்சி என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

அலெக்சாண்டர் வூச்சிச்சின் செர்பிய முன்னேற்றக் கட்சி 2012 முதல் ஆட்சியில் இருக்கிறது. அவர் 2014-ல் பிரதமர் ஆனார், 2017 முதல் அதிபர். மிலோஷெவிச் ஆட்சியின் கடைசி ஆண்டுகளில் தகவல் துறை அமைச்சராக இருந்தவர். பத்திரிகைகளுக்கு அபராதம் போட்டே முடக்கிய காலம் அது. இப்போது அந்த முரட்டு வழி தேவைப்படுவதில்லை. எதிர்க்கட்சிகள் இருக்கின்றன, தேர்தல் நடக்கிறது, அரசைத் திட்டும் பத்திரிகைகளும் கேபிள் சேனல்களும் உண்டு. ஆனால் நாடு முழுக்க ஒளிபரப்ப உரிமம் பெற்ற தனியார் சேனல்கள் நான்கும் ஆட்சியின் பக்கம். சின்ன ஊர்களில் அரசு வேலை வேண்டுமென்றால் கட்சிக்காரரைப் பார்க்க வேண்டும், வேலை கிடைத்தபின் கட்சிக் கூட்டத்துக்கு பஸ் ஏற வேண்டும். 2023 டிசம்பரில் நடந்த தலைநகர் பெல்கிரேடின் மாநகரத் தேர்தலில் வெளியூரிலிருந்தும் பக்கத்து நாடான போஸ்னியாவிலிருந்தும் ஆட்களைக் கொண்டுவந்து வாக்களிக்க வைத்ததாகப் பார்வையாளர்கள் புகார் சொன்னார்கள். மாநகர அவையையே கூட்ட முடியாமல் போய், 2024 ஜூனில் மறுபடி தேர்தல் வைத்தார்கள். நாடுகளின் ஜனநாயகத்தை அளந்து பார்க்கும் ஃப்ரீடம் ஹவுஸ் அமைப்பு 2020-லேயே செர்பியாவை ஜனநாயக நாடுகளின் வரிசையிலிருந்து எடுத்து, பாதி அது பாதி இது என்கிற கலப்பு ஆட்சி வகையில் சேர்த்துவிட்டது.

இப்படிப்பட்ட ஆட்சியை எதிர்ப்பதில் ஒரு சிக்கல் உண்டு. சட்டப் புத்தகத்தைத் திறந்து பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். அரசு வழக்கறிஞர் அலுவலகம் இருக்கிறது, ஆனால் பெரிய இடத்து வழக்கு அங்கே நகராது. ஒளிபரப்பை ஒழுங்குபடுத்தும் வாரியம் இருக்கிறது, யாரையும் ஒழுங்குபடுத்தாது. அரசியல் சட்டப்படி அதிபர் பதவிக்குப் பெரிய நிர்வாக அதிகாரம் கிடையாது, ஆனால் எந்தப் பிரச்சினை என்றாலும் டிவியில் வந்து முடிவு சொல்வது அவர்தான். எதை உடைக்கச் சொல்லிப் போராடுவது? எல்லாம் பெயரளவில் உடையாமல்தானே இருக்கிறது. மாணவர்கள் கைவைத்தது சரியாக இந்த இடத்தில்தான்.

2024 நவம்பர் 1, காலை 11:52 மணி. செர்பியாவின் இரண்டாவது பெரிய நகரமான நோவி சாடின் ரயில் நிலையத்தின் முகப்பில் இருந்த கான்கிரீட் கூரை இடிந்து, கீழே நின்றவர்கள் மேல் விழுந்தது. 14 பேர் இறந்தார்கள். காயமடைந்தவர்களில் இன்னும் இருவர் பின்னர் இறந்ததால் எண்ணிக்கை 16 ஆனது. 16-வது ஆள் 19 வயது மாணவர், 2025 மார்ச்சில் இறந்தார். 1964-ல் கட்டிய நிலையம் அது. பெல்கிரேட்–புடாபெஸ்ட் ரயில் பாதைத் திட்டத்தில் சீன நிறுவனங்களின் கூட்டமைப்பு எடுத்த ஒப்பந்தத்தின் கீழ் புதுப்பித்து, விபத்துக்கு நான்கு மாதம் முன்புதான் திறந்திருந்தார்கள். இடிந்ததும் அரசுத் தரப்பிலிருந்து வந்த முதல் விளக்கம், அந்தக் கூரை மட்டும் புதுப்பிப்பு வேலையில் சேரவில்லை என்பது. கட்டுமான அமைச்சர் கோரான் வெசிச் சில நாளில் பதவி விலகினார், ஆனால் தன் மேல் தவறு இல்லை என்றார்.

மக்கள் 11:52-க்குச் சாலையில் மௌனமாக நிற்கத் தொடங்கினார்கள், இறந்த ஒவ்வொருவருக்கும் ஒரு நிமிடம். நவம்பர் 22 அன்று பெல்கிரேட் நாடகக் கலைப் பீடத்தின் (பீடம் என்பது பல்கலைக்கழகத்தின் ஒரு கல்லூரி) மாணவர்களும் ஆசிரியர்களும் அப்படி நின்றபோது, காரில் வந்தவர்கள் இறங்கி அடித்தார்கள். அடித்தவர்களில் ஆளுங்கட்சியின் உள்ளூர் ஆட்களும் இருந்தார்கள் என்று பின்னால் தெரிந்தது. போலீஸ் ஒன்றும் செய்யவில்லை. மூன்று நாள் கழித்து, நவம்பர் 25 அன்று, அந்த மாணவர்கள் பீடத்தின் கட்டிடத்தைத் தங்கள் கையில் எடுத்துக்கொண்டு வகுப்புகளை நிறுத்தினார்கள். அங்கிருந்து பொறியியல், சட்டம், தத்துவம், மருத்துவம் என்று பரவி, புத்தாண்டுக்குள் அறுபதுக்கும் மேற்பட்ட பீடங்கள் மாணவர் கையில் இருந்தன. நாடகக் கலைப் பீடத்தில் அடி வாங்கியவர்கள் பிற்கால நடிகர்களும் இயக்குநர்களும் என்பது தற்செயல்தான். ஆனால் பிறகு வந்த ஆட்சியின் கையில் ரத்தம் என்று சொல்லும் சிவப்புக் கை அச்சு, மௌனம், நடைப்பயணம் எல்லாவற்றிலும் மேடையமைக்கத் தெரிந்தவர்களின் கை தெரிகிறது என்பது என் எண்ணம்.

கோரிக்கைகள் நான்கு. நிலையப் புதுப்பிப்பின் ஆவணங்கள் முழுவதையும் வெளியிடு. மாணவர்களை அடித்தவர்கள் மேல் வழக்குப் போடு. போராட்டத்தில் கைதானவர்கள் மேல் உள்ள வழக்குகளைக் கைவிடு. உயர்கல்விக்கான நிதியை 20 சதவீதம் கூட்டு. "வூச்சிச்சே வெளியேறு" என்பது இந்தப் பட்டியலில் இல்லை என்பதைக் கவனியுங்கள். அரசாங்கம் மாற வேண்டும் என்றுகூட இல்லை. ஏற்கெனவே சட்டத்தில் இருக்கும் வேலையை அந்தந்த அலுவலகம் செய்தால் போதும் என்றுதான் கேட்டார்கள். பார்க்க எளிமையாக இருக்கும். ஆனால் ஒரு ஊழல் ஆட்சியிடம் "எல்லா ஒப்பந்தக் காகிதத்தையும் மேசையில் வை" என்று கேட்பது, பதவி விலகு என்று கேட்பதைவிடப் பெரிய கோரிக்கை. அதை முழுசாக நிறைவேற்றினால் ஆட்சி தானாகவே போய்விடும்.

அரசு டிசம்பரில் கொஞ்சம் ஆவணங்களை வெளியிட்டது, பிறகு இன்னும் கொஞ்சம். பெல்கிரேட் கட்டடப் பொறியியல் பீடத்தின் நிபுணர்கள் உட்கார்ந்து படித்துப் பார்த்துவிட்டு, முக்கியமான காகிதங்கள், குறிப்பாகப் பண விவகாரம் சம்பந்தப்பட்டவை, இல்லை என்று சொன்னார்கள். "எல்லாவற்றையும் கொடுத்துவிட்டோம்" என்று அதிபர் சொல்வதும், "பட்டியலில் இது இது இல்லை" என்று பொறியாளர்கள் சொல்வதும் மாறி மாறி நடந்தது. கோஷம் போடுகிறவனை எளிதாகத் துரோகி என்று சொல்லிவிடலாம். காணாமல்போன காகிதத்தின் பட்டியலை வைத்துக்கொண்டு நிற்கிறவனை என்ன சொல்வது?

அதிபர் பலமுறை பேச அழைத்தார். மாணவர்களின் பதில் ஒவ்வொரு முறையும் ஒன்றுதான்: இது உங்கள் அதிகாரத்துக்கு உட்பட்ட விஷயம் இல்லை, நாங்கள் கேட்பது அரசு வழக்கறிஞரிடம். இந்த ஒரு பதிலை முழுப் போராட்டத்தின் மிகக் கூர்மையான அரசியல் என்று நினைக்கிறேன். பன்னிரண்டு வருடமாக எல்லாமே தானே என்று காட்டிக்கொண்ட ஒருவரிடம், அரசியல் சட்டத்தைக் காட்டி, "உங்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை" என்று இருபது வயதுக்காரர்கள் சொன்னார்கள். அவர் கோபப்பட்டால்கூட அவர்கள் சொன்னதுதான் உறுதியாகும்.

சரி, தலைவர் இல்லாமல் எப்படி நடத்தினார்கள்? ஒவ்வொரு பீடத்திலும் பிளேனம் என்கிற பொதுக்கூட்டம். அந்தப் பீடத்தில் படிக்கும் யாரும் வரலாம், பேசலாம், கை தூக்கி வாக்களிக்கலாம். ஊடகம், பாதுகாப்பு, சாப்பாடு என்று தனித்தனிக் குழுக்கள் வேலையைச் செய்யும், ஆனால் முடிவெடுக்காது. பீடங்களுக்கு இடையே போய்வரும் பிரதிநிதிகள் தங்கள் பீடத்தின் முடிவைச் சொல்லத்தான் முடியும், தாங்களாக எதையும் ஒத்துக்கொள்ள முடியாது. டிவியில் பேசப் போகிறவரும் அடிக்கடி மாறுவார். இந்த முறை அவர்களுடைய கண்டுபிடிப்பு அல்ல. 2009-ல் பக்கத்து நாடான குரோஷியாவில், ஜாக்ரெப் தத்துவப் பீடத்தை மாணவர்கள் கட்டணத்துக்கு எதிராக முடக்கியபோது இதே பிளேனம் முறையைத்தான் கையாண்டார்கள். 2014-ல் போஸ்னியாவின் தூஸ்லா நகரத்துத் தொழிலாளர் கிளர்ச்சியிலும் பிளேனங்கள் நடந்தன. முன்னாள் யூகோஸ்லாவியாவில் எல்லைகளைத் தாண்டி இந்த அனுபவம் சத்தமில்லாமல் கைமாறி வந்திருக்கிறது.

பிளேனம் மெதுவாக நகரும், அலுப்பூட்டும். ஒரு அறிக்கையின் ஒரு வரிக்காக ராத்திரி முழுக்கக் கூட்டம் நடக்கும். ஆனால் இந்த ஆட்சிக்குத் தெரிந்த எல்லா வித்தைகளும் அதன் முன் செல்லுபடியாகவில்லை. முந்தைய போராட்டங்களை அது எப்படிக் கையாண்டது என்று பாருங்கள்: முன்னால் நிற்பவர் யார் என்று பார், அவரை அழைத்துப் பேசு, ஒரு பகுதியை ஒத்துக்கொள், மீதிப் பேரிடம் "உங்கள் தலைவரே ஒத்துக்கொண்டார்" என்று சொல். அவர் மசியவில்லை என்றால் டேப்ளாய்டு என்கிற பரபரப்புப் பத்திரிகைகளில் அவர் குடும்பம், சொத்து, காதல் எல்லாவற்றையும் போடு. இந்த முறையும் சில மாணவர்களின் பாஸ்போர்ட் விவரங்களைக்கூட ஆதரவு ஊடகங்கள் வெளியிட்டன. அந்த மாணவர்கள் பயந்திருப்பார்கள், பாதிக்கப்பட்டிருப்பார்கள். ஆனால் போராட்டம் நிற்கவில்லை, ஏனென்றால் அடுத்த நாள் பேசப் போவது வேறொரு மாணவி.

எதிர்க்கட்சிகளையும் கிட்டே விடவில்லை. இது நிறையப் பேருக்கு அகம்பாவமாகப் பட்டது. ஆனால் செர்பியாவில் எதிர்க்கட்சிகள் மேல் மக்களுக்கு இருக்கும் அவநம்பிக்கை வூச்சிச் மேல் இருப்பதற்குக் குறைந்தது இல்லை. 2023 மே மாதம் பெல்கிரேட் பள்ளித் துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு எழுந்த பெரும் பேரணிகள் கட்சிக் கூட்டணியாக மாறித் தேர்தலில் நின்று, அந்த டிசம்பரிலேயே தோற்றன. அதைப் பார்த்து வளர்ந்தவர்கள் இந்த மாணவர்கள்.

இந்தப் போராட்டத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் பெல்கிரேட் கூட்டங்களின் தலை எண்ணிக்கையைத்தான் எழுதுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது நடைப்பயணங்கள். 2025 ஜனவரி கடைசியில் சில நூறு மாணவர்கள் பெல்கிரேடிலிருந்து நோவி சாடுக்கு, சுமார் 80 கிலோமீட்டர், குளிரில் நடந்து கிளம்பினார்கள். வழியில் ஊர் ஊராக மக்கள் சூப்பும் ரொட்டியும் பலகாரமும் வைத்துக்கொண்டு சாலையோரம் காத்திருந்தார்கள். பாட்டிமார்கள் அழுதார்கள். பிப்ரவரி 1 அன்று நோவி சாடில் டான்யூப் ஆற்றின் மூன்று பாலங்களை மறித்துப் போராட்டம் நடந்தது. மாணவர்கள் திரும்பிப் போக பெல்கிரேடிலிருந்து நூற்றுக்கணக்கான டாக்சி டிரைவர்கள் காசு வாங்காமல் வந்து நின்றார்கள். அப்புறம் பிப்ரவரி 15-க்கு கிராகுயேவாட்ஸ், மார்ச் 1-க்கு நீஷ். ஒவ்வொன்றுக்கும் பல திசைகளிலிருந்து நடந்தும் சைக்கிளிலும் போனார்கள்.

ஏன் நடந்தார்கள்? பஸ் கிடைக்காமல் இல்லை. அந்த வழியில் இருக்கும் கிராமங்களில் வருவது ஆட்சியின் சேனல்கள்தான். அங்கே மாணவர்கள் என்றால் வெளிநாட்டுக் காசு வாங்கிய கலகக்காரர்கள். அந்தக் கிராமத்தின் நடுவே களைத்துப்போன பிள்ளைகள், கொப்புளம் வந்த காலோடு, பெரியவர்களுக்கு வணக்கம் சொல்லிக்கொண்டு நடந்து போனால், டிவி பல மாதம் சொன்னது ஒரு மத்தியானத்தில் கரைந்துவிடுகிறது. தொலைக்காட்சி உரிமம் கிடைக்காதவர்கள் காலால் செய்த ஒளிபரப்பு அது. தேதிகளையும் ஊர்களையும்கூட யோசித்துத்தான் எடுத்தார்கள். 1835-ல் செர்பியாவின் முதல் அரசியல் சட்டம் நிறைவேறியது கிராகுயேவாட்ஸில், பிப்ரவரி 15 அன்று. நீஷ் ரோமானியப் பேரரசர் கான்ஸ்டன்டைன் பிறந்த ஊர். அங்கே அவருடைய மதச் சகிப்பு ஆணையை நினைவூட்டும் விதமாக "மாணவர் ஆணை" என்று ஒன்றை வாசித்தார்கள். தேசிய அடையாளங்களை ஆளுங்கட்சியின் கையிலிருந்து இப்படித் திரும்ப எடுத்துக்கொண்டார்கள்.

ஏப்ரல் 12 அன்று நோவி பசாரில் நடந்ததையும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். போஸ்னியாக் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் தெற்குச் செர்பிய நகரம் அது. 1990-களின் போர்களுக்குப் பிறகு, பெல்கிரேடிலிருந்து வரும் ஊர்வலம் என்றால் கதவைச் சாத்திக்கொள்ளக் காரணம் உள்ள ஊர். அங்கே நாட்டின் எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்த மாணவர்களை ஊரே வரவேற்றது. அந்த ஊர் மாணவர்கள், தாங்கள் இந்த நாட்டின் குடிமக்கள் என்று முதன்முறையாக உணர்ந்ததாகப் பேசினார்கள். எந்தக் கட்சியும் முப்பது வருடத்தில் செய்யாத வேலை.

அதற்கு முன், ஜனவரி இறுதியில்தான் ஆட்சிக்கு முதல் பெரிய அடி விழுந்தது. ஜனவரி 27-ல் பெல்கிரேடின் பெரிய சாலைச் சந்திப்பான அவுடோகொமாண்டாவை 24 மணி நேரம் மறித்தார்கள். அன்று இரவு நோவி சாடில் சுவரொட்டி ஒட்டிக்கொண்டிருந்த மாணவர்களை, ஆளுங்கட்சி அலுவலகத்திலிருந்து மட்டையோடு வந்தவர்கள் அடித்தார்கள். ஒரு மாணவியின் தாடை உடைந்தது. மறுநாள் பிரதமர் மிலோஷ் வூச்செவிச்சும் நோவி சாட் மேயரும் பதவி விலகல் அறிவித்தார்கள். இதன் அடுத்த பகுதியைப் பல செய்திகள் விட்டுவிடுகின்றன: அந்தத் தாக்குதலில் குற்றம் சாட்டப்பட்ட நால்வருக்கு 2025 ஜூலையில் அதிபர் வூச்சிச் மன்னிப்பு கொடுத்தார். வழக்கு முடிவதற்கு முன்பே. மாணவர்களின் இரண்டாவது கோரிக்கைக்கு ஆட்சி கொடுத்த உண்மையான பதில் அதுதான்.

மார்ச் 15, பெல்கிரேட். கூட்டங்களை எண்ணும் சுயேச்சைக் குழு ஒன்றின் கணக்கில் 2,75,000 முதல் 3,25,000 பேர். அரசு சொன்னது 1,07,000. மொத்த மக்கள்தொகையே சுமார் 66 லட்சம் உள்ள நாடு. செர்பியாவின் வரலாற்றில் மிகப் பெரிய கூட்டம் என்று சொல்கிறார்கள். மாலை ஏழு மணிக்குப் பிறகு, மௌனத்தின் நடுவில், ஏதோ ஒரு சத்தமோ அதிர்வோ பாய்ந்ததுபோல் மக்கள் இரண்டு பக்கமும் சிதறி ஓடினார்கள். ஒலி ஆயுதம் பயன்படுத்தினார்கள் என்ற குற்றச்சாட்டை அரசு மறுத்தது. பிறகு, அந்த மாதிரிக் கருவி போலீஸிடம் இருக்கிறது, ஆனால் பயன்படுத்தவில்லை என்று சொன்னது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், பயன்படுத்தினார்களா இல்லையா என்பதைத் தீர்மானிக்காமலே, கூட்டத்தின் மேல் அத்தகைய கருவி பயன்படுத்தப்படாமல் பார்த்துக்கொள்ளும்படி ஏப்ரல் இறுதியில் இடைக்கால உத்தரவு போட்டது. அன்று இரவு மாணவர்கள் செய்ததைத்தான் நான் கவனித்தேன். பாதுகாப்புக்கு இனி உத்தரவாதம் தர முடியாது என்று சொல்லி, கூட்டம் முடிந்தது என்று அறிவித்து, மக்களை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். நாடாளுமன்றத்துக்கு எதிரே இருந்த பூங்காவில் ஆட்சி ஆதரவாளர்களின் கூடார முகாம் டிராக்டர் வேலியோடு காத்திருந்தது. அதில் முகம் மூடிய ஆட்களும் இருந்தார்கள். மோதல் வெடித்திருந்தால் ரத்தம் சிந்தியிருக்கும், அவசரநிலைக்கு ஒரு சாக்கும் கிடைத்திருக்கும். "மூன்று லட்சம் பேர் இருந்தபோது ஏன் உள்ளே நுழையவில்லை?" என்று இன்றும் கேட்கிறவர்கள் உண்டு. நுழையாததுதான் சரி என்பேன்.

ஆட்சி அடியாட்களை மட்டும் நம்பவில்லை. காகிதத்தாலும் அடித்தது. பல்கலைக்கழக ஆசிரியர்களின் 40 மணி நேர வாரத்தில் பாதி கற்பித்தல், பாதி ஆய்வு என்று இருந்ததை, 35 மணி கற்பித்தல், 5 மணி ஆய்வு என்று ஒரே ஆணையில் மாற்றினார்கள். வகுப்பு நடக்கவில்லை, ஆகவே 5 மணிக்குத்தான் சம்பளம். எட்டில் ஒரு பங்கு. வெளியே பார்க்கிறவருக்கு இது ஏதோ நிர்வாகச் சமாச்சாரம். உள்ளே இருக்கும் ஆசிரியருக்கு அந்த மாத வாடகை. மக்கள் நேரடியாக ஆசிரியர்களுக்குப் பணம் அனுப்பும் ஏற்பாடுகள் வந்தன, ஆனாலும் கோடைக்குள் பெரும்பாலான பீடங்களில் வகுப்புகளை ஈடுகட்டி, தேர்வு வைத்து, இயல்பு நிலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. இதுதான் வளாக முற்றுகையின் இயற்கையான ஆயுள். அதை மாணவர்களின் சோர்வு என்று மட்டும் படிப்பது தப்பு.

மே மாதத் தொடக்கத்தில் அவர்கள் பாதையை மாற்றினார்கள். நிறுவனங்கள் தாங்களாக அசையவில்லை, ஆகவே முன்கூட்டியே நாடாளுமன்றத் தேர்தல் வேண்டும் என்றார்கள். தாங்கள் நிற்க மாட்டோம், தாங்கள் ஆதரிக்கும் ஆட்களின் பட்டியல் நிற்கும் என்றார்கள். வூச்சிச் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. தேர்தல் எப்போது என்பதைத் தன் வசதிக்குத் தள்ளினார்.

இப்போது 2000-க்கு வருவோம். கேள்வியில் ஒரு தவறான நினைப்பு இருக்கிறது. மிலோஷெவிச்சை எதிர்த்த ஓட்போர் இயக்கத்துக்கும் தலைவர் என்று ஒருவர் இல்லை. 1998 மே மாதத்தில் பல்கலைக்கழகத் தன்னாட்சியைப் பிடுங்கிய சட்டத்துக்கு எதிராக அந்த ஆண்டு அக்டோபரில் ஓட்போரைத் தொடங்கிய மாணவர்களும் ஒரே முகம் இல்லாமல்தான் பார்த்துக்கொண்டார்கள், காரணமும் இதேதான். ஆகவே வித்தியாசம் வேறு இடங்களில் இருக்கிறது. அப்போது 18 கட்சிகள் ஒன்றாகி கோஷ்டுனிட்சா என்ற ஒரே வேட்பாளரை நிறுத்தின. செப்டம்பர் 24 என்று தேர்தல் தேதி இருந்தது, முடிவைத் திருடியது கையும் களவுமாகத் தெரிந்தது. கொலுபாரா நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அக்டோபர் 5 அன்று மக்கள் பெல்கிரேடில் திரண்டபோது போலீஸும் ராணுவமும் சுட மறுத்தன. நாடு போர்களில் நொறுங்கி, பொருளாதாரத் தடைகளில் காய்ந்து கிடந்தது. மேற்கு நாடுகள் முழு மூச்சாக எதிர்ப்பின் பக்கம், பணத்தோடு.

வூச்சிச்சுக்கு இதில் ஒன்றுகூட நேரவில்லை. பொருளாதாரம் ஓரளவு ஓடுகிறது. ரஷ்யாவின் எரிவாயு, சீனாவின் கட்டுமானக் கடன், ஐரோப்பிய ஒன்றியத்தின் முதலீடு மூன்றும் ஒரே நேரத்தில் கிடைக்கின்றன. 2024 ஜூலையில், கூரை இடிவதற்கு மூன்றரை மாதம் முன்பு, செர்பிய லித்தியத்துக்காக ஐரோப்பிய ஒன்றியம் பெல்கிரேடில் ஒப்பந்தம் போட்டது. அப்போதைய ஜெர்மன் சான்சலர் ஷோல்ஸ் பக்கத்தில் நின்றார். மாணவர்கள் ஐரோப்பிய நிறுவனங்கள் இருக்கும் ஸ்ட்ராஸ்பர்க்குக்குச் சைக்கிளில் சுமார் 1,300 கிலோமீட்டர் போனதும், பிரஸ்ஸல்ஸுக்குத் தொடர் ஓட்டம் ஓடியதும் ஐரோப்பிய ஒன்றியத்தின் மௌனத்தைக் கலைக்கத்தான். பேரணிகளில் ஐரோப்பியக் கொடி அதிகம் தென்படாததற்கும் இதுவே காரணம்.

ஓட்போர் பிறகு என்ன ஆனது என்பதும் இந்தத் தலைமுறைக்குத் தெரியும். கட்சியாக மாறி 2003 டிசம்பர் தேர்தலில் நின்றது, 1.65 சதவீத வாக்கு வாங்கியது, 5 சதவீத வரம்பைத் தாண்டவில்லை, அடுத்த ஆண்டு வேறொரு கட்சியில் கரைந்துபோனது. மாணவர்களே வேட்பாளராக மாட்டோம் என்று இப்போது பிடிவாதமாக நிற்பதில் இந்த நினைவு இருக்கிறது.

ஆனால் தேர்தல் என்றால் பெயர் வேண்டும். யார் நிதியமைச்சர், தனிநாடு என்று அறிவித்துக்கொண்ட கொசோவோ பற்றி என்ன சொல்கிறீர்கள், ரஷ்யா மேல் தடை போடுவீர்களா என்று கேட்பார்கள். "ஆவணத்தை வெளியிடு" என்பதில் இடதுசாரியும் தேசியவாதியும் சேரலாம், இந்தக் கேள்விகளில் சேர முடியாது. 2025 ஜூன் 28 பேரணியில் சுமார் 1,40,000 பேர் கூடினார்கள். மேடைப் பேச்சுகளில் சிலவற்றில் பழைய தேசியவாத வாடை அடித்தது. நோவி பசாரில் நெகிழ்ந்துபோன பலர் அதைக் கேட்டு முகம் சுளித்தார்கள். எனக்கும் அது பிடிக்கவில்லை. ஆனாலும் நாட்டில் பாதிப் பேருக்கு மேல் வாக்கு வேண்டுமானால் இந்த இரண்டு கூட்டமும் ஒரே பட்டியலுக்கு வாக்களிக்க வேண்டும் என்பது கணக்கு. பிளேனம் அதை எப்படித் தீர்க்கும் என்று யாரும் பார்த்ததில்லை. ஆகஸ்டில் பல ஊர்களில் கைகலப்பும், ஆளுங்கட்சி அலுவலகங்களுக்குத் தீ வைப்பும் நடந்தன. மாணவர்கள் பல மாதம் கட்டிக் காத்த அமைதி அந்த வாரங்களில் அவர்கள் பிடியில் இல்லை.

விளைவு என்று எதைச் சொல்வது? 2025 நவம்பர் 1, ஓராண்டு நினைவு நாளில் பல்லாயிரம் பேர் மறுபடி நோவி சாடில் 16 நிமிடம் மௌனமாக நின்றார்கள். அன்றுவரை அந்த 16 சாவுக்கு ஒருவருக்கும் தண்டனை கிடைத்திருக்கவில்லை. இன்னொரு பக்கம், பெல்கிரேடில் நேட்டோ குண்டுவீச்சில் சிதைந்த பழைய ராணுவத் தலைமையகத்தை இடித்து டிரம்பின் மருமகன் குஷ்னரின் நிறுவனம் ஹோட்டல் கட்டும் திட்டம் 2025 டிசம்பரில் கைவிடப்பட்டது. எதிர்ப்பும் இருந்தது, அந்த விவகாரத்தில் கலாசார அமைச்சர் மேலேயே அமைப்புசார் குற்றப் பிரிவு வழக்கறிஞர்கள் குற்றப்பத்திரிகை போட்டதும் இருந்தது. ஒரு வழக்கறிஞர் அலுவலகம் ஆளும் அமைச்சர் மேல் கைவைத்தது. 2024-ல் இதை யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். மாணவர்கள் முதல் நாளிலிருந்து கேட்டதும் இந்த மாதிரி ஒன்றைத்தான்.

உள்ளூர்த் தேர்தல்களையும் பாருங்கள். 2025 ஜூன் 8 அன்று ஸயேச்சார், கொஸ்யெரிச் இரண்டு ஊர்களில் வாக்குப்பதிவு. இரண்டிலும் ஆளுங்கட்சிதான் வென்றது. ஆனால் கொஸ்யெரிச் அவர்கள் வழக்கமாக அள்ளிக்கொண்டு போகும் சின்ன ஊர். அங்கே மாணவர்கள் ஆதரித்த பட்டியல் சில பத்து வாக்குகளில்தான் தோற்றது. நவம்பர் கடைசியில் வேறு மூன்று ஊர்களிலும் ஆளுங்கட்சியே ஜெயித்தது. ஆகவே "வூச்சிச் முடிந்தார்" என்று எழுதுகிறவர்களை நம்ப வேண்டாம், "மாணவர்கள் முடிந்தார்கள்" என்கிறவர்களையும் நம்ப வேண்டாம்.

நாடாளுமன்றத் தேர்தல் வரும்போது கூட்டத்தின் அளவைப் பார்க்காதீர்கள். மூன்று விஷயங்களைப் பாருங்கள். மாணவர் பட்டியலில் இருப்பவர்கள் யார், அவர்களை எவ்வளவு தாமதமாக வெளியே காட்டுகிறார்கள் என்பது ஒன்று. தாமதமானால் டேப்ளாய்டுகளுக்கு வேட்டையாட நேரம் குறையும், வாக்காளருக்கும் தெரிந்துகொள்ள நேரம் குறையும். ஒளிபரப்பு வாரியத்துக்கு நேர்மையான உறுப்பினர்கள் வருகிறார்களா என்பது இரண்டாவது. 2025 ஏப்ரலில் அரசுத் தொலைக்காட்சிக் கட்டிடத்தை மாணவர்கள் இரண்டு வாரம் மறித்து உட்கார்ந்தது இதற்காகத்தான். மூன்றாவது, கொஸ்யெரிச் மாதிரியான ஊர்களில், ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் காலை முதல் எண்ணிக்கை முடியும்வரை மாணவர் தரப்பில் உட்கார ஆள் இருக்கிறதா என்பது. நடைப்பயணத்தில் சூப் கொண்டுவந்தவர்கள் அந்த நாற்காலியில் உட்கார முன்வந்தால், 2023 டிசம்பரில் நடந்ததை மறுபடி செய்வது கடினம்.